குறிப்பு கணினியில் இருக்கிறது. நகல் எங்கே இருக்கிறது?

ஆசிரியர்களாகிய நாம் எழுதுபவற்றில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மேலே அனுப்புவதற்காக எழுதுவது. வருகைப் பதிவு, மதிப்பெண், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம் எல்லாம் இதில் சேரும். இவை பதிவேட்டிலும் இணையத்திலும் ஏறிவிடுகின்றன. நம்மிடம் தொலைந்தாலும் வேறு எங்காவது ஒரு பிரதி கிடைக்கும். மற்றது, நமக்காக நாமே எழுதிக்கொள்வது. 'கழித்தலில் கடன் வாங்குவதைப் புளியங்கொட்டை வைத்துச் சொன்னதும் நான்கு பேருக்குப் பிடிபட்டது.' 'கடைசி வரிசைப் பையன் பலகையைப் பார்க்கும்போது கண்ணைச் சுருக்குகிறான், அவன் அம்மாவிடம் பேச வேண்டும்.' 'திங்கட்கிழமைகளில் இவள் மட்டும் தூங்குகிறாள், ஏன்?' இவற்றை யாரும் நம்மிடம் கேட்பதில்லை. ஆய்வுக்கு வருபவர்கள் பார்ப்பதும் இல்லை. ஆனால், அடுத்த நாள் வகுப்பு எப்படிப் போகும் என்பதைப் பெரும்பாலும் இந்த வரிகளே முடிவு செய்கின்றன.

இந்த இரண்டாம் வகை எழுத்தைக் கணினியில் வைத்துக்கொள்வது பற்றியும், அதைவிட முக்கியமாக அதற்கு நகல் எடுத்து வைப்பது பற்றியும் இந்தக் கட்டுரையில் பகிர்ந்துகொள்கிறேன். நான் கடம்பத்தூர் ஒன்றியத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் பணிபுரிகிறேன். கணினி ஆசிரியர் அல்ல. இங்கே சொல்லப்போவதைச் செய்யத் தட்டச்சும் கோப்பை நகலெடுக்கும் பழக்கமும் இருந்தால் போதும்.

நோட்டுப் புத்தகத்தில் எழுதினால் என்ன குறை என்று கேட்கலாம். ஒன்றும் இல்லை. நான் இன்றும் மேசையில் ஒரு 40 பக்க நோட்டு வைத்திருக்கிறேன். பாடவேளைக்கு நடுவில் கணினியைத் திறக்க முடியாது. அதில் கிறுக்கியதை மாலையிலோ சனிக்கிழமையோ கணினியில் ஏற்றுகிறேன். கணினியில் கிடைக்கும் பெரிய வசதி தேடல். ஜூன் மாதம் எழுதிய ஒரு வரியை பிப்ரவரியில் நோட்டில் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் மதிய உணவு மணி அடித்துவிடும். கணினியில் அது இரண்டு நொடி வேலை.

எந்தச் செயலி?

கூகுள் கீப், மைக்ரோசாஃப்ட் ஒன்நோட், எவர்நோட், ஜோப்ளின், அப்சிடியன் என்று பல இருக்கின்றன. நான் ஜோப்ளின் பயன்படுத்துகிறேன். இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு மூன்றிலும் ஓடும், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இடப்பக்கம் குறிப்பேடுகளின் பெயர்கள், நடுவில் குறிப்புகளின் தலைப்புகள், வலப்பக்கம் எழுதும் இடம். அவ்வளவுதான் திரை. வேறொன்றில் ஏற்கெனவே பழகியவர்கள் மாற வேண்டிய தேவை இல்லை. ஆனால் எந்தச் செயலியாக இருந்தாலும் சேர்வதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: 'நான் எழுதியதை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே எடுக்க வழி இருக்கிறதா?'

இந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு எவர்நோட் நல்ல சான்று. 2008இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த அந்தச் செயலியை உலகம் முழுவதும் ஏராளமானோர் ஆண்டுக்கணக்கில் இலவசமாகப் பயன்படுத்தினார்கள். 2022 நவம்பரில் இத்தாலிய நிறுவனமான பெண்டிங் ஸ்பூன்ஸ் அதை வாங்குவதாக அறிவித்தது. 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்புகள், ஒரே ஒரு குறிப்பேடு என்று வரம்பு வந்தது. பழைய குறிப்புகளை அழிக்கவில்லை, பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் 50க்கு மேல் வைத்திருந்தவர்கள் புதிதாக ஒன்று சேர்க்கப் பணம் கட்ட வேண்டும். நிறுவனத்தைக் குறை சொல்லிப் பயன் இல்லை, அது அவர்கள் வியாபாரம். நம் எழுத்து அவர்கள் கடையில் இருந்தால், கடை விதிகள் மாறும்போது நாமும் மாற வேண்டியிருக்கும் என்பதுதான் செய்தி.

ஜோப்ளினில் மேலே 'ஃபைல்' பட்டியலில் 'எக்ஸ்போர்ட் ஆல்' என்று ஒன்று இருக்கிறது. அதில் 'ஜெக்ஸ்' என்பதைத் தேர்ந்தால் எல்லாக் குறிப்புகளும், அவற்றோடு இணைத்த படங்களும் ஒரே கோப்பாக வெளியே வரும். 'எம்டி' என்பதைத் தேர்ந்தால் ஒவ்வொரு குறிப்பும் தனித்தனிச் சாதாரண எழுத்துக் கோப்பாக வரும், அவற்றை நோட்பேடிலேயே திறந்து படிக்கலாம். அப்சிடியனில் இந்த வேலையே தேவைப்படாது, குறிப்புகள் தொடக்கத்திலிருந்தே சாதாரணக் கோப்புகளாக நம் கணினியின் ஒரு கோப்புறையில்தான் இருக்கும். கூகுள் கீப் வைத்திருப்பவர்கள் 'கூகுள் டேக்அவுட்' பக்கத்துக்குப் போய் மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் நிறுவிய ஒன்நோட்டில் 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ் அண்ட் பேக்கப்' என்று போனால் நகல் எந்தக் கோப்புறையில் விழுகிறது என்று தெரியும். பெரும்பாலும் அது அதே கணினிக்குள்தான் இருக்கும். அதனால் என்ன சிக்கல் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் எழுதும்போது

குறிப்புகளைத் தமிழில் எழுதுவதால் நமக்கென்று தனியாகச் சில சங்கதிகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்படும் கையேடுகளில் இவை இருப்பதில்லை, அதனால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, எழுத்துரு. பணி ஓய்வு பெற்ற மூத்த ஆசிரியர் ஒருவர், பதினைந்து ஆண்டுகள் தான் சேர்த்த கணிதப் புதிர்களையும் துணைக்கருவிக் குறிப்புகளையும் ஒரு குறுந்தகட்டில் எனக்குக் கொடுத்தார். திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கலந்து கிடந்தன. அத்தனையும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் 'அம்மா' என்பது கணினிக்கு உண்மையில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டும் அது அம்மாவாகத் தெரியும். குறுந்தகடு பழுதாகவில்லை, கோப்பும் கெடவில்லை, ஆனாலும் படிக்க முடியவில்லை. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒவ்வொரு கோப்பாகப் போட்டு யூனிகோடுக்கு மாற்றினோம். இரண்டு கோடை விடுமுறை ஆயிற்று.

1998 பொங்கல் அன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் இதே வழியில்தான் வந்தது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த பழந்தமிழ் நூல்கள் முதலில் அக்காலக் குறியீட்டு முறையில் இருந்தன, பின்னர் அவை யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. மாற்றியதால்தான் இன்று நம் கைப்பேசியில் அவற்றைத் திறக்க முடிகிறது. தமிழ்நாடு அரசும் 2010 ஜூன் 23 நாளிட்ட அரசாணையில் தமிழ் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. ஆகவே இனி எழுதுவது எதுவானாலும் யூனிகோடில் எழுதுங்கள். உங்களிடம் பாமினியிலோ வானவில்லிலோ பழைய வினாத்தாள்கள் இருந்தால், அவற்றை அடித்தவர் பணியில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். மாற்றும்போது வரும் பிழைகளைத் திருத்த அவர் பக்கத்தில் இருப்பது பெரிய உதவி.

இரண்டாவது, தேடல். கணினி தேடுவது நாம் தட்டிய எழுத்துகளின் வரிசையை, சொல்லின் பொருளை அல்ல. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' என்று எழுதிய குறிப்பு வராது. 'பாடம்' என்று தேடினால் 'பாடத்தை' வராது. வேற்றுமை உருபை வகுப்பில் நடத்துகிற நாமே தேடல் பெட்டிக்கு முன்னால் இதை மறந்துவிடுகிறோம். இதற்கு நான் வைத்திருக்கும் வழி, ஒவ்வொரு குறிப்பின் கடைசி வரியிலும் மாறாத வடிவத்தில் மூன்று நான்கு சொற்கள் எழுதுவது: கழித்தல், கடன், புளியங்கொட்டை, மூன்றாம் வகுப்பு. செயலியில் 'டேக்' என்ற வசதி இருந்தால் இதே சொற்களை அங்கே போடலாம். நான் வரியாக எழுதுவதையே விரும்புகிறேன். நாளை வேறு செயலிக்குப் போனாலும் எழுத்தோடு எழுத்தாக அது கூடவே வரும்.

மூன்றாவது சின்ன விஷயம், ஆனால் தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது. 'கொ' என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் ஒன்றைத் தேடினால் மற்றது சில செயலிகளில் அகப்படாது. 'ஔவை'யை 'ஒ', 'ள' என்று தனித்தனியே அடிப்பதும் இப்படித்தான். எல்லாக் குறிப்பையும் ஒரே விசைப்பலகை முறையில் அடித்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. நான் தமிழ் 99 பயன்படுத்துகிறேன். கைப்பேசியில் குரல்வழி எழுதுபவர்கள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுச் சேமிப்பது நல்லது. 'ழ'வும் 'ள'வும் அங்கே அடிக்கடி இடம் மாறுகின்றன.

குறிப்பின் தலைப்பில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள்: 2025-06-12. இப்படி எழுதினால் குறிப்புகள் தாமாகவே கால வரிசையில் நின்றுகொள்ளும்.

ஒரு பக்கம் செய்த வேலை

கடம்பத்தூர், திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தொழிற்சாலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. சூளை வேலை மழைக்காலம் முடிந்து தொடங்கும், அடுத்த மழைக்கு முன் முடியும். பிள்ளைகள் நடுவில் சேருவார்கள், ஆண்டுத் தேர்வு முடிந்ததும் காணாமல் போவார்கள். மீண்டும் வந்தாலும் அதே சூளைக்கு வருவார்கள் என்று சொல்ல முடியாது.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன் 13 அன்று நம் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் அரும்பு, மொட்டு, மலர் என்று ஒவ்வொரு பிள்ளையும் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பார்த்துக் கற்பிக்கிறோம். நிலை என்ன என்பது பதிவாகிவிடுகிறது. ஆனால் அந்த நிலைக்கு அந்தப் பிள்ளை எப்படி வந்தது, எங்கே தடுக்கிறது என்பது ஒரு சொல்லில் அடங்காது.

ஒடியா பேசும் வீட்டிலிருந்து வந்த ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி ஐந்து மாதம் என்னிடம் இருந்தாள். அவளைப் பற்றி என்னிடம் 22 குறிப்புகள் இருந்தன. தமிழ் எழுத்துகளை ஒலியோடு சொல்வாள், ஆனால் புள்ளி வைத்த எழுத்தில் நின்றுவிடுவாள். 'கல்' என்பதைக் 'கல' என்பாள். ஒடியாவில் பல சொற்கள் உயிரொலியில் முடிவதால் அப்படி வருகிறது என்று அவளுடைய அக்காவிடம் பேசிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கைதட்டி ஒலியை வெட்டிக் காட்டியபோது வந்துவிட்டது. எண்களில் கெட்டிக்காரி, சூளையில் கல் அடுக்குவதை எண்ணிப் பழகியவள், பத்துப் பத்தாக எண்ணுவாள். மே மாதம் குடும்பம் ஊருக்குப் போனது.

அடுத்த ஜனவரியில் பக்கத்து ஒன்றியத்திலுள்ள ஒரு பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை கைப்பேசியில் அழைத்தார். "மிஸ், உங்ககிட்ட படிச்ச பொண்ணுன்னு சொல்றா. தமிழ் ஒண்ணுமே வராத மாதிரி உக்காந்திருக்கா. நான் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?" என்றார். புது இடத்தில் வாயைத் திறக்காத பிள்ளைக்கு மூன்றாவது முறையாக அ, ஆ தொடங்கியிருக்கும். அன்று மாலையே அவளுடைய குறிப்பேட்டை ஒரே பக்கமாகச் சுருக்கி அனுப்பினேன். கைதட்டும் உத்தியும், பத்துப் பத்தாக எண்ணுவதும் அதில் இருந்தன. அவர் மறுநாள் கணக்கிலிருந்து தொடங்கினார். பத்துச் செங்கல் படம் வரைந்து காட்டியதும் அவள் பேசினாளாம்.

இதற்கிடையில், அந்தக் குறிப்புகளை நான் எழுதிய பள்ளிக் கணினி அக்டோபர் மாத இடிமின்னலில் கருகிப்போயிருந்தது. வன்தட்டும் சேர்ந்தே போய்விட்டது. குறிப்புகள் கிடைத்ததற்குக் காரணம் வீட்டில் இருந்த நகல்.

ஒத்திசைவு நகல் அல்ல

குறுவள மையக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசும்போது பலரும் சொல்வது, "எனக்கு எல்லாமே டிரைவ்ல இருக்கு, பயம் இல்ல" என்பதுதான். இங்கேதான் ஒரு குழப்பம். கணினியில் எழுதியது கைப்பேசியிலும் தானாகத் தெரிவது ஒத்திசைவு. ஆங்கிலத்தில் 'சிங்க்' என்கிறோம். அது ஒரு கண்ணாடி போல. இங்கே என்ன நடக்கிறதோ அதுவே அங்கேயும் நடக்கும். இங்கே ஒரு குறிப்பேட்டை அழித்தால் அங்கேயும் அழியும். குறிப்பைத் திறந்து வைத்துவிட்டு எழுந்துபோன நேரத்தில் வீட்டுக் குழந்தை விசைப்பலகையைத் தட்டினால், தட்டியது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். கூகுள் கீப்பில் அழித்தது குப்பைத்தொட்டியில் 7 நாள் இருக்கும், டிரைவில் 30 நாள். அரையாண்டு விடுமுறைக்கு முன் அழிந்ததைப் பொங்கலுக்குப் பிறகு கவனித்தால் கீப்பில் இருக்காது.

நகல் என்பது வேறு. ஒரு குறிப்பிட்ட நாளில் எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து, பிறகு தொடாமல் வைப்பது. நாம் கணினியில் என்ன செய்தாலும் அது மாறாது.

எத்தனை நகல் என்பதற்கு ஓர் எளிய கணக்கு உலகம் முழுவதும் வழக்கில் இருக்கிறது. பீட்டர் க்ரோ என்ற ஒளிப்படக் கலைஞர் 2005இல் வெளியிட்ட நூலால் பரவிய அதை 3-2-1 என்பார்கள். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகையான சாதனத்தில், ஒன்று வேறு இடத்தில். என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதல் பிரதி நான் எழுதும் கணினியில். மாதத்தின் கடைசி வேலை நாளன்று 'எக்ஸ்போர்ட் ஆல்' செய்து வரும் கோப்புக்குத் தேதியையே பெயராக வைத்து ஒரு பென் டிரைவில் போடுகிறேன், அது இரண்டாவது. அதே கோப்பை வீட்டு மடிக்கணினியில் போடுவது மூன்றாவது. பழைய மாதக் கோப்பின் மேல் புதியதை எழுதுவதில்லை. பன்னிரண்டு மாதமும் வரிசையாக இருக்கும்.

இடம் போதுமா என்று கவலை வேண்டாம். யூனிகோடில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் பொதுவாக 3 பைட் ஆகிறது. 200 சொற்கள் கொண்ட ஒரு பக்கம் சுமார் 6 கேபி. ஆயிரம் பக்கம் எழுதினாலும் 6 எம்பிதான். கைப்பேசியில் எடுக்கும் இரண்டு புகைப்படங்கள் அதே அளவுக்கு வந்துவிடும். ஆகவே கரும்பலகைப் படம், பிள்ளைகளின் நோட்டுப் படம் என்று குறிப்புக்குள் அடைக்காமல், தேவையான ஒன்றிரண்டை மட்டும் சேர்த்தால் நகல் எடுக்கும் வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

வேறு இடம் என்பது உண்மையிலேயே வேறு இடமாக இருக்க வேண்டும். பள்ளிக் கணினியின் நகலை அதே அறை பீரோவில் வைத்தால் ஒரு திருட்டுக்கு இரண்டும் போகும், ஒரு மழைக்கு இரண்டும் நனையும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையையும் பார்த்த மாவட்டம் நம்முடையது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகளும் அவற்றில் இருந்தன. அவ்வளவு பெரிய இழப்போடு நம் குறிப்பேட்டை ஒப்பிடவில்லை. ஆனால் 'ஒரே இடத்தில் ஒரே பிரதி' என்றால் என்ன என்று மாணவர்களுக்கு விளக்க நான் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

பென் டிரைவ் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி ஆய்வகம், ஜெராக்ஸ் கடை, ஒன்றிய அலுவலகம் என்று ஊர் சுற்றும் பென் டிரைவில் நகலை வைக்காதீர்கள். கோப்புறைகளை எல்லாம் ஷார்ட்கட்டாக மாற்றும் வைரஸை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். நகலுக்கென்று தனியாக ஒன்று வாங்கி, நகலெடுக்கும் ஐந்து நிமிடம் மட்டும் செருகுங்கள். அதிலும் ஆண்டுக்கணக்கில் தொடாமல் போட்டுவைத்தால் தரவு மங்கக்கூடும், ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக எழுதிவிடுவது நல்லது.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் காக்களூரில் தொடங்கியது. அந்த ஆண்டுகளில் வந்த மடிக்கணினிகள் பல வீடுகளில் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. புதிய செயலிகள் அவற்றில் ஓடாமல் போகலாம். ஆனால் எம்டி வடிவில் எடுத்த சாதாரண எழுத்துக் கோப்பை அவை இன்றும் திறக்கும். என் தம்பிக்குக் கிடைத்த மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, மின்சாரத்தில் செருகித்தான் ஓட்ட வேண்டும். என் மூன்றாவது பிரதி அதில்தான் இருக்கிறது.

எந்தச் செயலியும் வேண்டாத வடிவத்துக்கு எவ்வளவு ஆயுள் என்பதற்குக் கடம்பத்தூரிலிருந்து அரக்கோணம் திசையில் மூன்றாவது ரயில் நிலையமான திருவாலங்காட்டின் செப்பேடுகளே சான்று. முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக் கொடையைச் சொல்லும் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 இதழ்கள் கொண்டவை, 1905இல் கண்டெடுக்கப்பட்டவை. எழுத்து தெரிந்தவர் கண்ணால் பார்த்தே படிக்கலாம். எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன், "அப்ப அதுக்கு பாஸ்வேர்டு இல்லையா மிஸ்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கடைசியில் அதற்கு வருகிறேன்.

திறந்து பார்க்காத நகல்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். நகலைத் திறந்து பாருங்கள்.

நம் மாணவர்களுக்குத் தெரிந்த 'டாய் ஸ்டோரி' படத்தின் இரண்டாம் பாகம் தயாராகிக்கொண்டிருந்த 1998இல், பிக்சார் நிறுவனத்தின் கணினியில் யாரோ தவறான கட்டளை கொடுத்ததால் படத்தின் கோப்புகள் பெருமளவு அழிந்தன. நகல் எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் அது சில காலமாகச் சரியாக வேலை செய்யவில்லை என்பது, தேவைப்பட்ட அன்றுதான் தெரிந்தது. படத்தின் தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சஸ்மன் கைக்குழந்தை இருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக் கணினியில் இருந்த பிரதியை வைத்தே படத்தை மீட்டார்கள்.

நான் காலாண்டு விடுமுறையிலும் ஆண்டு விடுமுறையிலும் ஒரு சோதனை செய்கிறேன். குறிப்புகள் எதுவும் இல்லாத வேறொரு கணினியில் ஜோப்ளினை நிறுவி, 'ஃபைல்', 'இம்போர்ட்', 'ஜெக்ஸ்' என்று போய் நகல் கோப்பைக் கொடுக்கிறேன். வந்ததும் மூன்றைப் பார்க்கிறேன். குறிப்புகளின் எண்ணிக்கை சரியா? இணைத்த படம் ஒன்று திறக்கிறதா? கடைசியாக எழுதிய குறிப்பு இருக்கிறதா? மூன்றாவது கேள்வி முக்கியம். நகல் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டிருக்கையில் பழைய கோப்பையே திரும்பத் திரும்ப நகலெடுப்பது எளிதில் நடக்கும். வேலை செய்யும் கணினியிலேயே இறக்கினால் எல்லாம் இரட்டிப்பாகிக் குழம்பும், அதனால் வேறு கணினியில் செய்யுங்கள். சோதனை முடிந்ததும் அங்கிருந்து நீக்கிவிடுங்கள்.

நீக்குவதற்குக் காரணம் உண்டு. இவை பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகள். குடும்பச் சூழல், உடல்நலம், கற்றல் தடை எல்லாம் அதில் இருக்கும். எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் தரவுக்குத் தனிக் கவனம் கொடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் கவனமாக இருக்க வேண்டிய இடம்தான். நான் குறிப்பில் பெயர் எழுதுவதில்லை, சேர்க்கை எண்ணின் கடைசி மூன்று இலக்கம் மட்டும். ஆதார் எண், பெற்றோரின் கைப்பேசி எண், வங்கி விவரம் எதுவும் இந்தச் செயலிக்குள் வராது. அவற்றுக்குப் பதிவேடு இருக்கிறது. பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பிய அந்த ஒரு பக்கத்திலும் கற்றல் தொடர்பானது மட்டுமே இருந்தது, வீட்டு விஷயங்களை நீக்கிவிட்டேன்.

பொது மாறுதல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போகும்போது என்ன செய்வது? வகுப்புக் குறிப்பேட்டை எம்டி வடிவில் எடுத்து, அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிடலாம். அவர் எந்தச் செயலி வைத்திருந்தாலும் படிக்க முடியும். கணினியே வேண்டாம் என்பவராக இருந்தால் அச்செடுத்துக் கொடுங்கள். காகிதமும் ஒரு பிரதிதான், கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்யும்.

இனி அந்த மாணவனின் கேள்வி. செயலியிலோ மேகக் கணக்கிலோ மறைகுறியாக்கம் வைத்துக் கடவுச்சொல் போட்டிருந்தால், அந்தச் சொல் மறந்த அன்று எல்லாப் பிரதியும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். மூன்று நகல் இருந்தும் பயன் இருக்காது. ஜோப்ளினில் முழு மறைகுறியாக்கத்துக்குப் போடும் முதன்மைக் கடவுச்சொல்லை யாராலும் நமக்கு மீட்டுத் தர முடியாது. அதனால் அதை ஒரு தாளில் கையால் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே என் பெயரும் தேதியும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். உறை அலுவலக பீரோவில், சேர்க்கைப் பதிவேட்டுக்குப் பின்னால் இருக்கிறது. கடவுச்சொல் மாற்றும்போதெல்லாம் பழைய உறையை வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதைக் கொடுக்கிறேன்.